எங்கள் நிறுவனத்தின் முதல் தோல்வி

எங்கள் ஆராய்ச்சி நிறுவனத்தில் எந்தச் சோதனையும் தோற்றது கிடையாது. நம்பிக்கை இல்லாதவர்கள் ஆண்டறிக்கைகளை வாங்கிப் புரட்டிப் பார்க்கலாம். ஒரே ஒரு வருடம் தவிர, எந்த வருடத்து அறிக்கையிலும் 'தோல்வி' என்ற சொல் அகப்படாது. இதை என்னால் அடித்துச் சொல்ல முடியும். ஏனென்றால் அறிக்கை எழுதுகிறவன் நான்தான்.

என் பதவிக்கு மக்கள் தொடர்பு அலுவலர் என்று பெயர். விஞ்ஞானிகள் செய்ததை நல்ல தமிழில் எழுதி மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். இதற்குத் தனித் திறமை வேண்டும் ஐயா. வேதியியல் மாடியில் குடுவை வெடித்து ஜன்னல் கண்ணாடி மொத்தமும் தெருவில் கிடந்தால், 'வெளிப்பட்ட ஆற்றல் எதிர்பார்ப்பை விஞ்சியது' என்று எழுதுவேன். இரண்டு பொருளைக் கலந்து வாரக்கணக்கில் காத்திருந்தும் ஒன்றுமே நடக்கவில்லையா? 'கலவையின் நிலைத்தன்மை ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது.' அடிப்பிடித்துக் கரியாகி, சுரண்டினாலும் வராமல், குடுவையோடு குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டார்களா? 'கருநிறப் புதுப்பொருள் ஒன்று பெறப்பட்டுள்ளது. அதன் பயன்பாடுகள் பரிசீலனையில் உள்ளன.' பரிசீலனை குப்பை லாரிக்காரர் செய்துகொள்வார்.

இப்படி எல்லாரும் சந்தோஷமாக இருந்த இடத்துக்குள் ஒருங்கிணைப்பு நுழைந்தது.

எங்கள் இயக்குநர் வெளிநாட்டு மாநாட்டுக்குப் போயிருந்தார். போனவர் கழுத்தில் ஒரு அட்டையையும் வாயில் ஒரு சொல்லையும் மாட்டிக்கொண்டு வந்தார். வேதியியலும் கணினியும் கைகோத்தால்தான் இனி உலகம் என்று அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர்கள் விவரம் தெரிந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். எந்தப் பொருளை எதோடு கலந்தால் என்ன ஆகும் என்பதைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால், ஆயிரம் தடவை கலந்து பார்க்கிற இடத்தில் பத்துத் தடவை போதும். நல்ல விஷயம்தான். ஆனால் எங்கள் இயக்குநர் காதில் விழுந்தது 'கைகோத்தால்' என்பது மட்டும்தான். மறுநாளே சுற்றறிக்கை வந்துவிட்டது: 'இனி எந்தத் துறையும் தனித்து இயங்கலாகாது. ஒருங்கிணையாதோர் விளக்கம் அளிக்கக் கடமைப்பட்டவர்கள்.'

வேதியியல் மாடியில் உடனே ஒரு கணினி வாங்கி மேஜை நடுவில் வைத்தார்கள். சூடான குடுவையை இறக்கி வைக்க வசதியாக இருந்தது. கணினி மாடியில் ஒரு கண்ணாடிக் குடுவை வாங்கி அதில் கொடி வளர்த்தார்கள். கேன்டீன்காரர் பாதி காபியும் பாதி டீயும் ஒரே தம்ளரில் ஊற்றி இயக்குநரிடம் நீட்டினார்.

"ஒருங்கிணைப்பு சார். குடிச்சுப் பாருங்க."

இயக்குநர் ஒரு வாய் குடித்தார். முகம் போன போக்கை நான் பார்த்தேன். "நல்ல முயற்சி" என்றார். அன்றிலிருந்து எங்கள் கேன்டீனில் அது மட்டும்தான் கிடைக்கிறது.

இவ்வளவு அமர்க்களத்துக்கு நடுவில், உண்மையிலேயே இரண்டும் படித்த ஒரு ஜீவன் அந்தக் கட்டடத்தில் இருந்தது. அது என் தங்கை.

முதலில் வேதியியல் படித்தாள். பிறகு, கலவையைக் கலக்குவதற்கு முன்னாலேயே என்ன ஆகும் என்று சொல்லிவிட முடியாதா என்று ஒரு ஆசை வந்து, கணினியும் படித்தாள். அம்மாவுக்கு இது பிடிபடவே இல்லை. "கெமிஸ்ட்ரி படிச்சா மருந்துக் கடை வைக்கலாம். கம்ப்யூட்டர் படிச்சா ஜெராக்ஸ் கடை வைக்கலாம். ரெண்டையும் படிச்சுட்டு நீ என்னடி வைக்கப்போற?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். தங்கை சிரித்துவிட்டுப் போவாள்.

எங்கள் நிறுவனத்தில் அவளுக்குத் தற்காலிகப் பதவி. முதல் மாடி வேதியியல், இரண்டாம் மாடி கணினி. அவளுக்கு இரண்டுக்கும் நடுவில், படிக்கட்டு திரும்புகிற இடத்தில், முன்பு துடைப்பம் வைத்திருந்த அறையை ஒதுக்கியிருந்தார்கள். கீழ்மாடிக்காரர்கள் அவளைக் 'கீபோர்டு' என்பார்கள். மேல்மாடிக்காரர்கள் 'குடுவையக்கா' என்பார்கள். சம்பள உயர்வு கேட்டுக் கீழே போனால் மேலே கைகாட்டுவார்கள், மேலே போனால் கீழே. இவள் ஏறி இறங்கியே இளைத்துப்போனாள்.

ஒருங்கிணைப்பு வந்ததும் அவளைக் கூப்பிட்டார் இயக்குநர். "ஒரு இயந்திரம் செய்யுங்க. என்ன கலக்கப்போறோம்னு சொன்னா, வெற்றியா இல்லையான்னு அது சொல்லணும். நல்லா வந்தா உங்க வேலை நிரந்தரம்" என்றார். கணினியில் ஓடுகிற நிரலைத்தான் இயந்திரம் என்றார். அவருக்கு எல்லாமே இயந்திரம்தான், எங்களையும் சேர்த்து.

அன்றைக்கு வீட்டில் அம்மா விசேஷமாகச் சமைத்தார். நிரந்தரம் என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் அவ்வளவு மதிப்பு. அப்பா போன பிறகு தங்கையைப் படிக்க வைத்தவர் அம்மா. தன் பெண் வருடா வருடம் 'நீட்டிப்பு உண்டா சார்' என்று கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைப் பார்த்து அவருக்கு வயிறு எரிந்தது. எனக்கும் எரிந்தது.

தங்கை வேலையில் இறங்கினாள். நிறுவனம் இதுவரை செய்த சோதனை எல்லாவற்றையும் நிரலுக்கு ஊட்டினாள். கலந்தது என்ன, எவ்வளவு சூடு, முடிவு என்ன என்று ஒன்று விடாமல். முடிந்ததும் ஒரு சாயங்காலம் தலையில் கைவைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணா, அது உருப்படாது."

"ஏன், ஓடலியா?"

"நல்லா ஓடுது. எதைக் கேட்டாலும் வெற்றின்னு சொல்லுது. கடைசில கடுப்பாகி, மணலும் தண்ணியும் கலந்தா பசை வருமான்னு கேட்டேன். வரும், வெற்றி தொண்ணூத்தெட்டு சதவீதம்னு சொல்லுது."

"அப்படியா?"

"அப்புறம் எப்படிச் சொல்லும்? அது பொறந்ததுலேருந்து தோல்வியையே பாத்ததில்ல. நம்ம ஆளுங்க ஒருத்தரும் தோத்ததை எழுதி வைக்கல. வெச்சிருந்த கொஞ்ச நஞ்சத்தையும் நீ அழகா மாத்தி எழுதிட்ட."

"அது என் வேலைம்மா" என்றேன். வேறு என்ன சொல்வது?

"எது தோக்கும்னு தெரிஞ்சாத்தானே எது ஜெயிக்கும்னு அதுக்குப் புரியும்? எனக்குத் தோல்வி வேணும்ண்ணா. நிறைய வேணும்."

இவள் இப்படிப் புலம்பிக்கொண்டிருக்க, அங்கே இயக்குநர் தலைகால் புரியாமல் ஆடிக்கொண்டிருந்தார். கேட்ட கேள்விக்கெல்லாம் வெற்றி என்று சொல்கிற இயந்திரம் யாருக்குக் கிடைக்கும்? மிச்சம் இரண்டு சதவீதம் ஏன் குறைகிறது என்று மேலிடத்தில் யாரோ கேட்டதற்கு, "அது இயந்திரத்தின் தன்னடக்கம்" என்று சொன்னாராம். அதையும் நான் அறிக்கையில் சேர்த்தேன்.

தங்கை தோல்வி கேட்டுக் கீழ்மாடிக்கு இறங்கினாள். வேதியியல் தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"தோல்வியா? இங்கயா? யார் சொன்னது? மேல்மாடிக்காரன் சொன்னானா?"

"இல்ல சார். வேலை செஞ்சா நாலு தடவை தப்பும் இல்லையா? அந்த விவரம் மட்டும் குடுத்தீங்கன்னா..."

"அம்மா, இருபது வருஷமா இந்த மாடியில இருக்கேன். என் கை பட்டு ஒண்ணுகூடத் தப்பினதில்ல."

அவருடைய சட்டைக் கையில் அமிலம் தின்ற ஓட்டை ஒன்று இருந்தது. தங்கை அதையே பார்த்தாள். அவர் கையை மேஜைக்குக் கீழே கொண்டுபோனார்.

ஆனால் பிறகு ஒவ்வொருத்தராக அவள் அறைக்கு வர ஆரம்பித்தார்கள். கூடாத வியாதிக்கு மருத்துவரைப் பார்க்க வருகிறவர்கள் போல, முன்னும் பின்னும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துவார்கள். "எனக்கு இல்லம்மா. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு... ஒரு தடவை... சூடு கொஞ்சம் ஜாஸ்தியாகி..." என்று ஆரம்பிப்பார்கள். "என்ன ஆச்சு சார்?" என்று தங்கை கேட்டதும், "ஒண்ணும் ஆகல. நல்லா வந்துச்சு" என்று எழுந்து ஓடிவிடுவார்கள்.

கடைசியில் பொறுமை போய், தானே தோற்பது என்று முடிவு செய்தாள். துடைப்ப அறையில் ஒரு அடுப்பும் நாலு குடுவையும் வைத்துக்கொண்டு, கல்லோடு கல்லை ஒட்டும் பசை காய்ச்சத் தொடங்கினாள். ஏன் பசை என்றால், ஒட்டியதா இல்லையா என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். அறிக்கை எழுதி மாற்ற முடியாது. (முடியும் என்று பிற்பாடு நான் நிரூபித்தேன்.) ஒட்டாத கற்களை அட்டைப்பெட்டியில் போட்டு வைத்தாள். பெட்டி நிரம்பிப் படிக்கட்டு வரைக்கும் வந்தது. ஏறி இறங்குகிறவர்கள் தடுக்கி விழுந்து, 'என்ன இது' என்று கேட்டால், "என் தோல்விங்க சார்" என்பாள். காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல ஓடுவார்கள்.

பழைய நிரலை இயக்குநரிடமே விட்டுவிட்டு, அதன் நகல் ஒன்றுக்கு அந்தத் தோல்விகளையெல்லாம் ஊட்டியதும் அதற்குப் புத்தி தெளிந்தது. பத்துக் கலவை கேட்டால் ஒன்பதுக்கு 'ஒட்டாது' என்றது. பத்தாவதுக்கு 'ஒட்டும்' என்றது. அதைக் காய்ச்சி இரண்டு கல்லை ஒட்டி, கேன்டீன்காரரிடம் சுத்தியல் கொடுத்து அடிக்கச் சொன்னாள். நாலாவது அடியில் சுத்தியலின் பிடி உடைந்தது. கேன்டீன்காரர் கல்லைத் தடவிப் பார்த்து, "அம்மாடி" என்றார். என் தங்கை சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினாள். அவளை அப்படிப் பார்த்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

இதே சமயத்தில் எங்களுக்குப் புதுக் கட்டடம் ஒன்று எழும்பியிருந்தது. பெயர் 'வேதிக் கணினி ஒருங்கிணைப்பு மாளிகை'. வாசலுக்கு மேலே, இயக்குநர் பெயர் பெரிதாகவும் மற்றவை சிறிதாகவும் பொறித்த கருங்கல் பலகை பதிக்க வேண்டும். நிறுவனமே தயாரித்த பசையால்தான் பதிக்க வேண்டும் என்று இயக்குநருக்கு ஒரு ஆசை. வேதியியல் தலைவர் தன் பாட்டுக்கு ஒரு கலவை சொன்னார். பழைய நிரலிடம் கேட்டார்கள். வெற்றி தொண்ணூத்தெட்டு என்றது. தங்கையின் புது நிரலிடம் கேட்டார்கள். 'ஒட்டாது' என்றது.

இது இயக்குநர் அறையில் நடந்தது. குறிப்பெடுக்க நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன்.

இயக்குநர் கணினித் தலைவரைப் பார்த்தார். "பழைய இயந்திரம் பத்துக்கு எத்தனை வெற்றி சொல்லுது?"

"பத்துக்குப் பத்து சார்."

"புதுசு?"

"ஒண்ணு சார்."

"அப்ப எது நல்ல இயந்திரம்?"

"இதுக்குக் கணக்கே போட வேண்டாம் சார். பழசுதான்."

தங்கை எழுந்தாள். "சார், ஒரே ஒரு தடவை அந்தப் பசையைக் காய்ச்சி ஒட்டிப் பாத்துட்டா தெரிஞ்சுடும் சார்."

"இயந்திரம் சொன்னதுக்கு அப்புறம் ஒட்டிப் பாக்கணும்னா, இயந்திரம் எதுக்கு?" என்றார் இயக்குநர். எல்லாரும் தலையாட்டினார்கள். நான்கூட ஆட்டியிருப்பேன், பழக்க தோஷம்.

"அப்ப அந்தக் கல்லுக்குக் கீழயாவது யாரும் நிக்க வேண்டாம் சார்."

"கீழ நிக்கலைன்னா போட்டோல கல்லு எப்படிம்மா வரும்?"

பிறகு அவர் பெருந்தன்மையாக ஒரு தீர்ப்புச் சொன்னார். விழா அன்று கல் நின்றால் பழைய இயந்திரம் சரி. கல் விழுந்தால் புது இயந்திரம் சரி, இந்த அம்மாவின் வேலை அன்றைக்கே நிரந்தரம். நின்றால், தற்காலிகப் பதவிக்கு நீட்டிப்பு இல்லை. "கேட்டுக்கிட்டீங்களா? எழுதிக்குங்க" என்று என்னைப் பார்த்தார். எழுதிக்கொண்டேன்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கல் விழப்போவது நிச்சயம். வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் நிரந்தரமான மாதிரியே சொல்லிவிட்டேன். அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டார்.

விழா நாள் வந்தது. சாயங்காலம்தான் விழா. மத்தியானம் எல்லாரும் கூடத்தில் பூங்கொத்துக் கொடுக்கிற ஒத்திகையில் இருந்தார்கள். மேலிடத்து அதிகாரி எந்தப் பக்கமாகத் திரும்பி வாங்குவார் என்பதில் இரண்டு துறைத் தலைவர்களுக்கும் பெரிய வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. நான் வாசலுக்கு வந்தேன். கல்லைப் பதித்த கொத்தனார் முட்டுக்கொடுத்த கம்பை எடுக்கலாமா வேண்டாமா என்று ஏணியில் நின்று யோசித்துக்கொண்டிருந்தார். தங்கை கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, இங்க யார் யார் நிப்பாங்க?"

"மேலிடத்து அதிகாரி. நம்ம இயக்குநர். பூங்கொத்துக் குடுக்க கேன்டீன்காரர் பொண்ணு."

"அந்தச் சின்னப் பொண்ணா?"

"ஆமா. ஏன்?"

அவள் திரும்பி நடந்தாள். அறைக்குப் போய்த் தன் பசைக் குடுவையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எனக்கு விஷயம் புரிந்து பதறிப்போனேன்.

"பைத்தியமா உனக்கு? விழட்டும் விடு! விழுந்தாத்தான் இவனுங்களுக்குப் புத்தி வரும். விழுந்தாத்தான் உனக்கு வேலை!"

"விழுந்தா கீழ ஆள் இருக்கும்ண்ணா."

"நான் அந்தப் பொண்ண மட்டும் இழுத்துக்கறேன். மத்தவங்க தலை கல்லைவிடக் கெட்டி."

"அண்ணா, ஏணியப் பிடி" என்றாள்.

கொத்தனார் கம்பை லேசாக நகர்த்தினார். கல் பொத்தென்று அவர் கைக்கு வந்துவிட்டது. நல்லவேளை, அவர் தயாராக இருந்தார். "ஏம்மா, இது ஒட்டவே இல்லம்மா. பசையா, பாயசமா?" என்று கேட்டார். நானும் அவரும் மூச்சு வாங்கக் கல்லைப் பிடித்துக்கொள்ள, தங்கை பழைய பசையைச் சுரண்டி எறிந்துவிட்டுத் தன்னுடையதைப் பூசினாள். ஒரு தம்ளர் காபி டீ குடித்து முடிக்கிற நேரத்தில் அது கல்லாகிவிட்டது. கொத்தனார் தொங்கிப் பார்த்தார். அசையவில்லை.

சாயங்காலம் விழா சிறப்பாக நடந்தது. கல் நின்றது. கேன்டீன்காரர் பெண் பூங்கொத்தைக் கொடுத்துவிட்டு ஓடிப்போய் அப்பா மடியில் உட்கார்ந்துகொண்டது. இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"நம் முன்னால் இரண்டு இயந்திரங்கள் இருந்தன. ஒன்று நம்மை நம்பியது. இன்னொன்று சந்தேகப்பட்டது. எது சரி என்பதைத் தலையை நிமிர்த்திப் பாருங்கள்!"

எல்லாரும் நிமிர்ந்து பார்த்துக் கைதட்டினார்கள். மேலிடத்து அதிகாரி கல்லை ஒரு முறை உற்றுப் பார்த்துவிட்டு, பொதுக் கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் இனி இந்தப் பசையே என்று மேடையிலேயே உத்தரவிட்டார்.

அதைக் கேட்டதும் தங்கைக்குத் தூக்கிவாரிப்போட்டது. கூட்டம் கலைந்ததும் நேராக இயக்குநர் அறைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன்.

"சார், அது உங்க பசை இல்ல. மத்தியானம் நான் மாத்திட்டேன். என் பசை."

இயக்குநர் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்தார். "அனுமதி வாங்கினீங்களா?"

"இல்ல சார். நேரம் இல்ல, ஆளு நிக்கிற இடம்..."

"அனுமதி வாங்காம இந்த நிறுவனத்துல எதுவும் நடக்க முடியாது. சரிதானே?"

"சரி சார்."

"நீங்க வாங்கல. அப்ப அது நடக்கல. நடக்காத விஷயத்தைப் பத்தி என்கிட்ட எதுக்குப் பேசறீங்க?"

"கொத்தனாரைக் கேளுங்க சார். அண்ணனைக் கேளுங்க!"

இயக்குநர் என்னைப் பார்த்தார். "மத்தியானம் நீங்க எங்க இருந்திருக்கணும்?"

"ஒத்திகையில சார்."

"அப்ப அங்கதான் இருந்தீங்க" என்றார்.

எத்தனையோ வாக்கியம் எழுதியிருக்கிறேன், இந்த ஆள் அளவுக்கு எனக்குக் கைவரவில்லை. வேதியியல் தலைவர் இயக்குநருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒட்டாத பசையின் அப்பன் என்ற வெட்கம் கொஞ்சமும் இல்லாமல், "இளைஞர்கள் பொறுமையாக இருக்க வேண்டும்" என்று புத்தி சொன்னார். அவர் சட்டை ஓட்டையில் விரலை விட்டுக் கிழித்துவிடலாமா என்று எனக்குத் தோன்றியது.

ஆகவே முடிவு பதிவு செய்யப்பட்டது. தங்கையின் நிரல் ஒட்டாது என்றது, கல் ஒட்டியது. எங்கள் நிறுவன வரலாற்றிலேயே முதல் தோல்வி. அது எந்த மாடியின் தோல்வி என்பதில் கொஞ்சம் சச்சரவு வந்தது. வேதியியல்காரர்கள் அது நிரலின் தோல்வி என்றார்கள். கணினிக்காரர்கள், ஒட்டாது என்று சொன்ன பிறகும் ஒட்டிவிட்டதால் அது பசையின் தோல்வி என்றார்கள். கடைசியில் இரண்டு துறையும் சேர்ந்த ஒருங்கிணைந்த தோல்வி என்று ஒத்துக்கொண்டு கைகுலுக்கினார்கள். ஒருங்கிணைப்பின் முதல் பலன் அதுதான்.

தங்கை துடைப்ப அறையைக் காலி செய்தாள். அட்டைப்பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது சிரித்தாள். "இத்தனை நாளா ஒரே ஒரு தோல்வி குடுங்கன்னு கெஞ்சினேன்ண்ணா. கடைசில குடுத்தாங்க பாத்தியா?" என்றாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். எனக்கு அந்தக் கட்டடத்தையே எரித்துவிடலாம் போல இருந்தது. எரிக்கவில்லை. மேலே போய் அறிக்கை எழுதினேன். தோல்வி என்ற சொல்லை முதன்முதலாக எழுதியபோது எழுத்து எப்படி வரும் என்று ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டியிருந்தது.

அம்மா அக்கம்பக்கத்துக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் கொஞ்ச நாள் வாசல் பக்கமே வரவில்லை.

இப்போது தங்கை ஒரு செருப்புக் கம்பெனியில் இருக்கிறாள். நேர்முகத்தில் முதலாளியம்மா கேட்ட முதல் கேள்வி, "நீங்க எதெதுல தோத்திருக்கீங்க?" என்பதாம். இவள் அட்டைப்பெட்டிகளைக் கொண்டுபோய்க் காட்டினாள். அன்றைக்கே நிரந்தரம். அந்தக் கம்பெனியில் தோல்விக்குப் பஞ்சமே இல்லை. அடிப்பாகம் வாயைப் பிளந்த செருப்பைத் தூக்கிக்கொண்டு தினமும் யாராவது வந்து மேஜை மேல் போட்டுச் சண்டை பிடிக்கிறார்கள். இவள் ஒவ்வொன்றையும் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக வாங்கி நிரலுக்கு ஊட்டுகிறாள். "கடைசில செருப்புக் கடைதான் வெச்சியா" என்றார் அம்மா. ஆனால் குரலில் பெருமை இருந்தது.

இங்கே எங்கள் கதை வேறு. நிறுவனத்தின் அதிகாரபூர்வப் பசையை வைத்துக் கூடத்துக் கூரைப் பலகைகளை ஒட்டினார்கள். ஒரு வாரத்தில் அவை விழ ஆரம்பித்தன. 'கூரை பணியாளர்களை நெருங்கி வந்துள்ளது' என்று எழுதினேன். எல்லாருக்கும் ஹெல்மெட் கொடுத்தார்கள், முன்பக்கம் நிறுவனச் சின்னம் போட்டு. வெளியூர் நிறுவனங்களிலிருந்து எங்கள் வெற்றியின் ரகசியம் தெரிந்துகொள்ள வந்தவர்கள் இதைப் பார்த்துவிட்டுப் போய், தாங்களும் ஹெல்மெட் வாங்கிவிட்டார்கள். இப்போது எந்த மாநாட்டுக்குப் போனாலும் விஞ்ஞானிகள் ஹெல்மெட்டோடுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் ஒருங்கிணைப்பு என்கிறார்கள்.

எங்கள் இயக்குநர் பதவி உயர்ந்து மேலிடத்துக்குப் போனார். புதியவர் வந்தார். வந்ததும் அவருடைய முதல் கவலை, வாசலில் இருக்கிற கல்லில் முன்னவர் பெயர் இருப்பதுதான். கழற்ற முடியுமா என்று இயந்திரத்தைக் கேட்டார்கள். வெற்றி, தொண்ணூத்தெட்டு. கொத்தனாரைக் கூப்பிட்டார்கள். அவர் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு உளியை எடுத்தார். உளி மழுங்கியது. கடப்பாரை வளைந்தது. சுவரில் விரிசல் விட்டு மாளிகையே ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. கல் மட்டும் இம்மியும் அசையவில்லை.

புது இயக்குநர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்க தங்கச்சிக்கு ஒரு போன் போடுங்களேன். அந்தப் பசை என்ன, எப்படிக் கரைக்கிறதுன்னு..."

போட்டேன். அவர் காதை ஒட்டவைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"எந்தப் பசைண்ணா?" என்றாள் தங்கை. "அனுமதி வாங்காததால அப்படி ஒண்ணு நடக்கவே இல்லையே. அறிக்கையில பாக்கச் சொல்லு."

புது இயக்குநர் அறிக்கையை எடுத்துப் பார்த்தார். சரியாகத்தான் எழுதியிருந்தேன்.

இதையெல்லாம் ஹெல்மெட் போட்டுக்கொண்டு உட்கார்ந்துதான் எழுதுகிறேன். உங்களுக்குச் சிரிப்பு வரலாம். மேலிடத்து உத்தரவின்படி எங்கள் பசை பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பேருந்து நிலையம் எல்லாவற்றுக்கும் போய்ச் சேர்ந்து வெகு நாளாகிறது. ஒட்டும் என்று சான்று எழுதிக் கொடுத்தவன் நான்தான். நீங்கள் இதை ஏதாவது ஒரு கூரைக்குக் கீழே உட்கார்ந்து படிக்கிறீர்கள் என்றால், ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள். பயப்பட வேண்டாம். விழுந்தாலும் அது தோல்வி என்று யாரும் சொல்லாதபடி நான் எழுதிவிடுவேன்.